டாலர்ப் பச்சை

நிறங்களுக்குப் பெயரிடும் விஷயத்தில் மனிதன் பெரும்பாலும் இயற்கையிடமே கடன் வாங்கி வந்திருக்கிறான். ஜவுளிக் கடையில் புடவை எடுக்க உட்காரும் நம் வீட்டுப் பெண்கள் கிளிப்பச்சை என்றும் பாசிப்பச்சை என்றும் மாந்தளிர் என்றும் மயில்கழுத்து என்றும் சொல்லச் சொல்ல, கடைக்காரர் எந்த விளக்கமும் கேட்காமல் அந்தந்த மடிப்பை எடுத்து விரிக்கிறாரென்றால், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருவருக்கும் பொதுவாக ஒரு கிளியும் ஒரு குளத்துப் பாசியும் ஒரு மாமரமும் ஒரு மயிலும் சாட்சியாக நிற்பதுதான் காரணம். அமெரிக்காவில் வழங்கும் வர்ணப் பட்டியல்களிலோ ஒரு பச்சைக்குச் சர்க்கார் அச்சடித்த காகிதம் பெயர் கொடுத்திருக்கிறது. ‘டாலர் பில்’, அதாவது டாலர் நோட்டு, என்பதே அந்தச் சாயலின் பெயர். கணினித் திரையில் ஒவ்வொரு ஒளிக்கும் உச்ச அளவு 255 என்று வைத்துக்கொண்டு, சிவப்பொளி 133, பச்சையொளி 187, நீலவொளி 101 என்ற அளவில் கலந்தால் அது பிறக்கிறது: சிறிது மஞ்சள் ஓடிய, பளபளப்பற்ற, அடக்கமான பச்சை.

கிளி ஏன் பச்சையாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காகிதத்தை அப்படி விட்டுவிட முடியாது; அது தன் சுபாவத்தில் வெண்மையானது, அதன் மேல் ஒரு நிறம் ஏறியிருக்கிறதென்றால் எவரோ சிலர் கூடித் தீர்மானித்து ஏற்றியிருக்க வேண்டும். பயிரின் செழிப்பைக் குறிக்கவே டாலருக்குப் பச்சையைத் தேர்ந்தார்கள் என்று சிலர் ரசனையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாக இருந்தாலும் சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. இந்தப் பச்சை அச்சத்திலிருந்து பிறந்தது. மனிதன் மனிதனை ஏமாற்றுவான் என்ற நிச்சயத்தின் மேல், அந்த ஏமாற்றைத் தடுக்கும் ஒரு பூட்டாகவே அது முதலில் உருவாயிற்று. அப்படி அவநம்பிக்கையின் பொருட்டுப் பிறந்த நிறம் உலகத்தில் மற்றெந்த நிறத்துக்கும் வாய்க்காத அளவில் நம்பிக்கையின் நிறமாக மாறிய வரலாறு, பொருளாதார நூல்களின் அடிக்குறிப்புகளில் கிடக்க வேண்டியதன்று என்பது என் அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய சர்க்கார் பொதுமக்கள் அன்றாடம் புழங்கும் காகிதப் பணத்தை வெளியிடுவதில்லை. பொன், வெள்ளி நாணயங்களை அது அடித்தது. காகிதத்தை அந்தந்த மாகாணத்தில் சாசனம் பெற்ற வங்கிகள் தம் இஷ்டப்படி அச்சிட்டுக்கொண்டன. 1860ஆம் ஆண்டுக்குள் அத்தகைய வங்கிகள் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் பெருகிவிட்டன. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு மாதிரி நோட்டு, அதிலும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு சித்திரம். ஓர் ஊரில் முழு மதிப்புக்குச் செல்லும் நோட்டு நூறு மைல் தாண்டினால் பத்துச் சதவீதம் வட்டம் கழிந்து செல்லும். முறிந்துபோன வங்கியின் நோட்டும், ஒருபோதும் இருந்திராத வங்கியின் நோட்டும், உண்மையான வங்கியின் பொய்யான நோட்டும் ஒரே கல்லாப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். எந்த நோட்டு நல்லது, எது கள்ளம், எது எவ்வளவுக்குப் போகும் என்பதை விவரிக்கும் சஞ்சிகைகளே தனியாக அச்சாகி வந்தன; ஒரு பை மாவு விற்கும் வியாபாரி, வாடிக்கைக்காரன் நீட்டிய காகிதத்தை ஒரு கையிலும் அந்தச் சஞ்சிகையை மறு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்த பிறகே மாவை நிறுக்கத் துணிவான்.

இந்த நிலையில்தான் புகைப்படக் கலை வந்து சேர்ந்தது. அதற்கு முன் கள்ள நோட்டு அடிப்பவன் செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செதுக்கத் தெரிந்த கலைஞனாக இருந்தாக வேண்டும்; நல்ல செதுக்கு வேலைக்காரர்கள் எண்ணிக்கையில் சிலரே ஆதலால் அந்தச் சிரமமே ஒரு காவலாக இருந்து வந்தது. காமிராவோ அந்தக் காவலை ஒரே நாளில் தகர்த்துவிட்டது. கறுப்பு மையில் அச்சான நோட்டை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும் ஒளி அதை ஒரு நொடியில் வாங்கிக்கொண்டுவிடும். இதற்குப் பரிகாரமாக வங்கிகள் கறுப்போடு சிவப்பு முதலிய வேறொரு நிறத்தையும் சேர்த்து அச்சிட்டுப் பார்த்தன. அக்காலத்துப் புகைப்படத் தகடு நீலவொளிக்கே கூர்மையாக வசப்பட்டது. நீல நிறம் அதில் வெளுத்து விழும், சிவப்பும் பச்சையும் கறுப்பைப் போலவே கருத்து விழும். ஆகையால் இரண்டு நிறம் கலந்த நோட்டைப் படமெடுத்தால் எல்லாம் ஒரே கறுப்புக் குழம்பாகத் தெரியும், கள்ளன் ஏமாறுவான் என்பது கணக்கு. கள்ளன் அவ்வளவு லகுவில் ஏமாறவில்லை. கறுப்பு மை புகைக்கரியால் ஆனது, எந்தத் திராவகத்துக்கும் அசையாது. நிற மையோ அசையும். ஆகவே அவன் நல்ல நோட்டொன்றை வாங்கி, தக்க திராவகத்தில் கழுவி நிறத்தை மட்டும் போக்கி, எஞ்சிய கறுப்பைப் படம்பிடித்து அச்சிட்டு, பிறகு நிறத்தைத் தனியாக மேலே ஏற்றிவிட்டான்.

வேண்டியிருந்தது என்னவென்றால், கறுப்பைப் போலவே காமிராவுக்குக் கருப்பாகத் தெரிகிற, கறுப்பைப் போலவே திராவகத்துக்கு அசையாத, ஆனால் மனிதக் கண்ணுக்குக் கறுப்பிலிருந்து பளிச்சென்று வேறுபட்டு நிற்கிற ஒரு நிறம். அதைத் தந்தது குரோமியம். சைபீரியச் சுரங்கத்துச் செந்நிறக் கனிமமொன்றிலிருந்து பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி வாக்லான் 1797இல் கண்டறிந்த இந்த உலோகத்துக்கு, அது எதனோடு சேர்ந்தாலும் ஒரு நிறத்தைச் சிருஷ்டித்துவிடும் விசேஷத்தை முன்னிட்டு, கிரேக்க மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் அந்தக் கற்களில் அணுவளவு ஒட்டியிருக்கும் இதே குரோமியம்தான் காரணம். இதன் ஆக்ஸைடு ஒரு பச்சைத் தூள். அமிலத்துக்கும் காரத்துக்கும் அது இளகுவதில்லை, வெயிலில் வெளுப்பதில்லை. ஐரோப்பாவில் அந்நாளில் வீட்டுச் சுவர்க் காகிதங்களிலும் துணிப் பூக்களிலும் மிகுதியாகப் பயன்பட்ட ஷீலேப் பச்சையும் பாரிஸ் பச்சையும் பாஷாணம் கலந்தவை. பார்வைக்குக் கவர்ச்சியும் உடலுக்கு நஞ்சுமாக அவை பல குடும்பங்களை நோயில் ஆழ்த்தின. குரோமியத்தின் பச்சை அவற்றைப் போல் மினுக்கவில்லை, நிலைத்து நின்றது.

இந்தத் தூளை மையாக்கி நோட்டுக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைச் சொன்னவர் தாமஸ் ஸ்டெர்ரி ஹண்ட். கனெக்டிகட் மாகாணத்தில் 1826இல் பிறந்து, கனடாவின் பூகர்ப்ப ஆய்வுத் துறையில் ரஸாயன நிபுணராகப் பல காலம் உழைத்து, பிற்காலத்தில் அமெரிக்க ரஸாயன சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். மான்ட்ரியல் நகரத்து வங்கிகளின் கவலையே அவரை இந்த வேலையில் இழுத்துவிட்டது. 1857இல் இந்த மைக்குக் காப்புரிமை எழுதப்பட்டது. முதலில் கனடாவில் வழங்கியதால் ‘கனடா வங்கி நோட்டுச் சாயம்’ என்றே அது பெயர் பெற்றது. அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதியிட்ட அமெரிக்கக் காப்புரிமைக் குறிப்பை அக்காலத்து நோட்டுகள் பலவற்றின் முகத்திலேயே நுண்ணெழுத்தில் காணலாம். நியூயார்க்கிலிருந்த பெரிய நோட்டு அச்சு ஸ்தாபனத்தின் கைக்கு அந்த உரிமை போய்ச் சேர்ந்தது. பாறைகளின் உள்ளமைப்பை ஆராய்வதில் ஆயுளைக் கழித்த ஒரு சாஸ்திரியின் பெயர் இன்று பூகர்ப்ப மாணவர்களுக்குக்கூட அதிகம் தெரியாதிருக்க, அவர் வழியே வந்த நிறம் உலகத்தின் எல்லாச் சந்தைகளிலும் சகஜமாகப் புழங்குகிறது.

1861 ஏப்ரலில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லிங்கனின் சர்க்காரிடம் படை இருந்தது, படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அந்த ஆண்டு கோடையில் காங்கிரஸ் சட்டசபை இயற்றிய சட்டங்களின்படி, கேட்ட மாத்திரத்தில் பொன் தருவதாக வாக்களிக்கும் நோட்டுகள் ஐந்து, பத்து, இருபது டாலர் தொகைகளில் ஐந்து கோடி டாலர் அளவுக்கு வெளியாயின. அவற்றை அச்சிட்ட தனியார் ஸ்தாபனங்களின் கையில் அந்தப் பச்சை மை தயாராக இருந்தது. முகப்பில் சிறிதும் முதுகில் முழுமையாகவும் அதைப் பூசினார்கள். பொக்கிஷ அதிகாரிகள் இருவர் ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்திட வேண்டுமென்று சட்டம் விதித்திருந்ததால், லட்சக்கணக்கான காகிதங்களுக்கு அவர்கள் கை போதாமல், எழுபது எழுத்தர்களை அமர்த்தி அதிகாரிகளுக்காகக் கையெழுத்துப் போடச் செய்தார்கள். முதல் சில கட்டுகளில் ‘இன்னாருக்காக’ என்ற குறிப்பையும் அவர்களே கைப்பட எழுத நேர்ந்தது. அந்தக் காகிதத்தைச் சம்பளமாக வாங்கிய சிப்பாய்கள் புரட்டிப் பார்த்து, அதன் பச்சை முதுகைக் கொண்டே அதற்குக் ‘கிரீன்பேக்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் முடிவதற்குள் வங்கிகளும் சர்க்காரும் காகிதத்துக்குப் பொன் தருவதை நிறுத்திவிட்டன. 1862 பிப்ரவரி 25ஆம் தேதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு மேல் ஒரு படி சென்றது: பொன் தருவதாக எந்த வாக்குறுதியும் இல்லாத காகிதத்தைப் பதினைந்து கோடி டாலருக்கு அச்சிட்டு, கடன் தீர்க்க அதையே செல்லுபடியாகும் பணமாக யாவரும் ஏற்க வேண்டுமென்று கட்டளையிட்டது. அதே ஆண்டு ஜூலையிலும் அடுத்த ஆண்டு மார்ச்சிலும் மேலும் இரண்டு பதினைந்து கோடிகளுக்கு அனுமதி கிடைத்தது. இந்த நோட்டின் பச்சை முதுகில் அச்சாகியிருந்த வாசகத்தை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். எல்லாக் கடனுக்கும் இது செல்லும் என்று சொல்லிவிட்டு, இறக்குமதித் தீர்வைக்கும் தேசக் கடனின் வட்டிக்கும் செல்லாது என்று அது உடனே விலக்கும் சொல்லியது. அதாவது சிப்பாயும் குடியானவனும் பொன்னுக்குச் சமமாக எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டிய காகிதத்தை, அதை அச்சிட்ட சர்க்காரே தன் சுங்கச்சாவடியில் வாங்க மறுத்தது; தனக்குக் கடன் கொடுத்த தனவந்தர்களுக்கு மட்டும் பொன்னிலேயே வட்டி செலுத்தியது. யுத்த காலத்து நெருக்கடியில் கடன் கிடைக்க வேறு மார்க்கமில்லை என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தில் உண்மையும் உண்டு. ஆனால் ஒரே காகிதத்தில் ஏழைக்கு ஒரு நியாயமும் செல்வனுக்கு ஒரு நியாயமும் எழுதி, அதன்மேல் அழியாத மையைப் பூசியிருந்தார்கள் என்பதை மறந்துவிடுவதற்கில்லை.

அந்தக் காகிதங்கள் பெருந்தாள்களாக வாஷிங்டனுக்கு வந்தன. அவற்றைத் தனித்தனி நோட்டாக வெட்டுவதற்குப் பொக்கிஷ அதிகாரி பிரான்சிஸ் ஸ்பின்னர் பெண்களை அமர்த்தினார். யுத்தத்தால் ஆடவர் குறைந்த அந்த நாளில் அது பெரிய புதுமை. 1862 ஆகஸ்டில் பொக்கிஷக் கட்டடத்தின் நிலவறையில் நான்கு பெண்களோடு தொடங்கிய வேலையே வளர்ந்து இன்றைய செதுக்கு அச்சுப் பணியகமாகியிருக்கிறது. ஆடவரான எழுத்தர்கள் பெற்றதில் பாதிச் சம்பளத்துக்குக் கத்திரிக்கோல் பிடித்து, நாளெல்லாம் பச்சைக் காகிதத்தை வெட்டிய அந்த விரல்களைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

யுத்தம் நீள நீளக் காகிதத்தின் மதிப்புச் சரிந்தது. நியூயார்க்கில் பொன் வியாபாரத்துக்கென்றே ஏற்பட்ட ஒரு கூடத்தில் நூறு பொன் டாலருக்கு எத்தனை பச்சை டாலர் என்பதை நாழிகைக்கு நாழிகை எழுதிப் போட்டார்கள். லிங்கனின் படைக்கு வெற்றிச் செய்தி வந்தால் அந்த எண் இறங்கும், தோல்விச் செய்தி வந்தால் ஏறும். 1864 ஜூலை 11ஆம் தேதி, தென்னாட்டுத் தளபதி எர்லியின் சேனை வாஷிங்டன் நகரத்தின் கோட்டை வாசலுக்கே வந்து நின்ற நாளில், அது 285ஐத் தொட்டது. பச்சை டாலர் ஒன்றுக்குப் பொன் கணக்கில் முப்பத்தைந்து காசுதான் அன்றைக்கு. மாதம் பதின்மூன்று டாலருக்குப் போரிட வந்த சிப்பாயின் குடும்பம் அந்த ஆண்டு எப்படி அடுப்பு மூட்டியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பதின்மூன்றும் எல்லாச் சிப்பாய்களுக்கும் கிடைக்கவில்லை. கறுப்பினத்துச் சிப்பாய்க்குப் பத்து டாலர் என்று விதித்து, அதிலும் மூன்றை உடுப்புக்கென்று பிடித்துக்கொண்டு, ஏழு டாலரே கையில் கொடுத்தார்கள். மாசசூஸட்ஸ் மாகாணத்து ஐம்பத்துநான்காவது படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் அதை வாங்க மறுத்தார்கள். குறைவை மாகாணமே ஈடுசெய்வதாகக் கவர்னர் முன்வந்தபோது அதையும் மறுத்தார்கள். சமமான வேலைக்குச் சமமான கூலி தேசத்தின் கையிலிருந்தே வரவேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கை. வாக்னர் கோட்டைத் தாக்குதலில் தம் தோழர்களைப் பறிகொடுத்தும், ஊரில் மனைவி மக்கள் பட்டினியென்று கடிதம் வந்தும், சம்பள நாள்தோறும் அந்த ஏழு டாலரை அவர்கள் தொடாமலே விட்டார்கள். 1864 ஜூனில் காங்கிரஸ் பணிந்து சமச் சம்பளத்துக்குச் சட்டம் செய்தது. டாலர்ப் பச்சையின் கதையில் எனக்கு மிக உயர்ந்த இடமாகத் தோன்றுவது இதுதான். அந்தக் காகிதத்தின் மதிப்பைப் பொன் கூடத்துத் தரகர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தவர்கள், அதை வாங்க மறுத்த இந்த வீரர்கள்.

எதிர்ப்பக்கத்துத் தென்னாடும் காகிதம் அச்சிட்டது. தங்களுக்கும் ஐக்கிய நாடுகளுக்கும் இடையே சமாதான உடன்படிக்கை உறுதியாகி இத்தனை மாதமோ ஆண்டோ கழிந்த பிறகு பணம் தருவோம் என்று அந்த நோட்டுகளில் வாக்களித்திருந்தார்கள். அத்தகைய உடன்படிக்கை உலகத்தில் ஏற்படவேயில்லை. பிலடெல்பியா நகரத்தில் அப்ஹம் என்ற கடைக்காரர் அவற்றின் போலிகளை ஞாபகார்த்தப் பொருளென்று சொல்லிப் பகிரங்கமாகவே விற்றார். அவை தெற்கே போய் நல்ல நோட்டுகளோடு கலந்து புழங்கின. 1865இல் தென்னாட்டின் தலைநகரான ரிச்மண்ட் வீழ்ந்தபோது அந்தக் காகிதம் முழுவதும் குப்பையாயிற்று. பச்சை நோட்டு பிழைத்ததற்கு அதன் மை உறுதியானது ஒரு காரணமென்றால், அந்த மையைப் பூசிய சர்க்கார் பிழைத்திருந்தது மற்றொரு காரணம்.

பிழைத்திருப்பது வேறு, வாக்கைக் காப்பாற்றுவது வேறு. யுத்தம் முடிந்த பிறகு இந்தக் காகிதத்தை என்ன செய்வது என்ற வழக்குப் பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. இதில் சால்மன் சேஸ் என்பவரின் பங்கு சரித்திரத்தில் அபூர்வமானது. நோட்டு வெளியானபோது பொக்கிஷ மந்திரியாக இருந்தவர் அவரே; 1862ஆம் ஆண்டின் ஒரு டாலர் நோட்டில் அச்சான முகமும் அவருடையதே. பிறகு அவர் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1870 பிப்ரவரியில் அந்த ஆசனத்திலிருந்து, சட்டத்துக்கு முன் ஏற்பட்ட கடன்களுக்கு இந்தக் காகிதத்தைக் கட்டாயமாக்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதமென்று தீர்ப்பு வழங்கினார். மந்திரியாக இருந்து தாம் செய்ததை நீதிபதியாக இருந்து தாமே ரத்துச் செய்ததைப் பலர் பரிகசித்தார்கள். எனக்கோ அதில் மரியாதைக்குரிய ஒரு மனச்சாட்சி தெரிகிறது. மறு ஆண்டே, புதிதாக வந்த இரண்டு நீதிபதிகளின் துணையோடு, அந்தத் தீர்ப்பை நீதிமன்றம் மாற்றிவிட்டது. சேஸ் கடைசிவரை தம் கருத்தில் நின்றார்.

மேற்கத்திய குடியானவர்களின் கட்சி வேறு. மலிந்த காகிதத்தில் கடன் வாங்கியவர்கள் அவர்கள். காகிதத்தைச் சுருக்கிப் பொன்னோடு கட்டினால், விளைபொருளின் விலை விழுந்து, அன்று இரண்டு மூட்டைக் கோதுமைக்கு வாங்கிய கடனை இன்று மூன்று மூட்டை விற்று அடைக்க நேரும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. அந்தப் பச்சைக் காகிதத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு ஒரு கட்சி பிறந்தது. எண்பத்தைந்து வயதான பீட்டர் கூப்பர் 1876இல் அதன் சார்பில் ஜனாதிபதிப் பதவிக்கு நின்றார். 1878ஆம் ஆண்டுத் தேர்தல்களில் அக்கட்சிக்குப் பத்து லட்சம் வாக்குகள் வரை விழுந்தன. ஒரு தேசத்தின் உழவர்கள் ஒரு நோட்டின் நிறத்தைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதை நம் நாட்டு உழவர் இயக்கங்களை அறிந்தவர்கள் அலட்சியமாகக் கடந்துபோக மாட்டார்கள். இருபுறத்து நெருக்குதலுக்கும் இடையில் ஒரு சமரசம் பிறந்தது: காகிதத்தை அழிப்பதில்லை, பெருக்குவதும் இல்லை; அப்போது புழக்கத்தில் இருந்த 34,66,81,016 டாலர் என்ற தொகை அப்படியே நிற்கட்டும் என்று 1878 மே மாதத்துச் சட்டம் வரையறுத்தது.

காகிதத்துக்கு மீண்டும் பொன் தருவதாகச் சர்க்கார் குறித்த நாள் 1879 ஜனவரி முதல் தேதி. பொக்கிஷ மந்திரி ஜான் ஷெர்மன் பதின்மூன்று கோடி டாலருக்கு மேல் பொன்னைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் தேதி விடுமுறை. இரண்டாம் தேதி நியூயார்க் பொக்கிஷக் கிளையின் கதவு திறந்தது. பதினேழு ஆண்டு காத்திருந்த ஜனங்கள் திரண்டு வந்து பொன்னை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற திகில் பல வங்கிக்காரர்களுக்கு இருந்தது. அன்று மாலைக் கணக்கு முடித்தபோது, காகிதம் கொடுத்துப் பொன் வாங்கியது 1,35,000 டாலர். பொன் கொடுத்துக் காகிதம் வாங்கியது 4,00,000 டாலர். கேட்டால் கிடைக்கும் என்று உறுதியான பிறகு, கேட்க வேண்டிய அவசியம் ஜனங்களுக்கு இல்லாமற் போயிற்று. அந்த மாலையோடுதான் பச்சை நிறம் காவல் வேலையிலிருந்து உயர்ந்து கௌரவம் பெற்றது என்று நான் கணிக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் மகனிடமிருந்து ஒரு டாலர் நோட்டை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பிடித்தாற்போலத் தெரியும் அந்தச் சாந்தமான பச்சை, கண்ணாடிக்கு அடியில் காணாமற் போய்விடுகிறது. அங்கே இருப்பது வேறு: கருமை தட்டிய, ஆழ்ந்த பச்சையில், மயிரிழையினும் மெல்லிய கோடுகள், கோலம் போல ஒன்றையொன்று பின்னிச் சுழன்று மீளும் வளைவுகள், அவற்றின் இடையிடையே பழுப்பேறிய வெண்மையில் காகிதம். விரல் நுனியால் தடவினால் மை மேடிட்டு நிற்பது சிறிது உறுத்துகிறது, ஏனெனில் தகட்டின் பள்ளத்தில் தேங்கிய மையைப் பெரும் அழுத்தத்தில் காகிதம் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. முக்கால் பங்கு பருத்தியும் கால் பங்கு ஆளி நாரும் சேர்ந்த அந்தக் காகிதத்தில் சிவப்பும் நீலமுமான இழைத் துணுக்குகள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. வர்ணப் பட்டியல் ‘டாலர் பில்’ என்று பெயரிட்டிருக்கும் இளம்பச்சை இந்தக் கோடுகளிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. இரண்டும் தூரத்தில் கலந்து நம் கண்ணுக்குள் உண்டாகிற சாயல் அது.

இந்தப் பச்சையைப் பேராசையின் வர்ணமாகவே எழுதுவதும் வரைவதும் அமெரிக்காவிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவர் டாலர் விலையைக் காலையில் முதல் வேலையாக விசாரிப்பதையும், கடல் கடந்து வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெற்றோர் பூரிப்பதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆசை பணத்தைப் பற்றியது. நிறத்தின் மேல் அதை ஏற்றுவது அநியாயம். கள்ளனைத் தடுக்கப் பிறந்து, அடிமை முறையை ஒழித்த யுத்தத்துக்குச் செலவாகி, தரக்குறைவான கூலியாக நீட்டப்பட்டபோது நிராகரிக்கப்பட்டு, கடன்பட்ட உழவர்களுக்குக் கொடியாகி, பதினேழு ஆண்டு தாமதித்தேனும் வாக்குக் காப்பாற்றப்பட்ட பிறகு மக்களால் ஏற்கப்பட்ட நிறம் அது. பிற்காலத்தில் பொன்னோடு இருந்த பந்தம் படிப்படியாகத் தளர்ந்து, 1971 ஆகஸ்டில் நிக்சன் கடைசி முடிச்சையும் அவிழ்த்தபோது, அந்த நிறம் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கையில்தான் காகிதம் தொடர்ந்து நின்றது.

1929இல் நோட்டின் அளவைச் சிறிதாக்கிப் புதிய மாதிரி வகுத்தபோது, நிறத்தை மாற்றலாமா என்று யோசிக்க அச்சுப் பணியகத்துக்குச் சந்தர்ப்பம் இருந்தது. பச்சையே நீடித்ததற்குப் பணியகம் சொல்லும் காரணங்கள் மூன்று: அந்த நிறப்பொருள் ஏராளமாகக் கிடைத்தது; ரஸாயன மாறுதல்களுக்கு அது அசையவில்லை; சர்க்காரின் உறுதியான நாணயத்தோடு அதை மக்கள் மனத்தில் இணைத்துவிட்டிருந்தார்கள். 2003 முதல் இருபது டாலர் முதலான பெரிய நோட்டுகளின் பின்னணியில் வேறு மெல்லிய நிறங்களும் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு டாலர் நோட்டின் அமைப்பை மாற்றுவதற்குப் பணம் செலவிடலாகாதென்று காங்கிரஸ் தன் வருடாந்தரச் செலவுச் சட்டங்களில் எழுதி வருவதால், அதன் முதுகு இன்றும் முழுப் பச்சையாகவே அச்சாகிறது.